எட்டாம் நம்பர் படம்

வெயிலில் ஃபிலிமைப் பிரித்துப் பார்த்த என் அம்மாவின் கதையை உங்களில் பாதிப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். போன மாதம் நம் கூட்டம் பழைய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு ஆரணிப் பக்கத்துத் திருமலைக்குப் போனதே, அங்கே மலை மேல் வேலூர் நண்பர் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றாமல் பின் மூடியைத் திறந்துவிட்டு முகம் வெளுத்து நின்றார். அப்போதும் நான்தான், "இதெல்லாம் ஒரு விஷயமா, எங்கம்மா செய்ததைக் கேளுங்கள்" என்று ஆரம்பித்து எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நண்பரும் சேர்ந்து சிரித்தார். அந்தக் கதை தப்பு. ஐம்பது வருஷமாகத் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன், அதனால் யாரும் நடுவில் காபிக்கு எழுந்து போக வேண்டாம்.

என்னைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். என் அலமாரியில் இருபத்து மூன்று ஃபிலிம் கேமராக்கள் இருக்கின்றன, இருபத்தொன்று வேலை செய்யும். மருமகள் அதை "அத்தையோட காயலான் கடை" என்பாள். சொல்லட்டும். அவள் செல்போனில் எடுக்கும் ஆயிரம் படத்தில் ஒன்றைக்கூட அவளே திரும்பப் பார்ப்பதில்லை. நான் எடுக்கும் பன்னிரண்டையும் பன்னிரண்டு முறை யோசித்து எடுக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு வந்தது பதினோரு வயதில், ஆரணியில், ஒரு கத்திரி வெயில் காலத்தில்.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பட்டாளத்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்தார். வழக்கமாக ஒரு டின் பிஸ்கட்டும் கம்பளியும் கொண்டுவருவார். அந்தத் தடவை தோல் உறையில் ஒரு கேமராவும் வந்தது. கறுப்பாக, கனமாக, மூலைகள் மழுங்கிய ஒரு பெட்டி. உறையைத் திறந்தால் புதுச் செருப்பு வாசம் அடிக்கும். முதுகில் மோதிரக் கல் அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி, அதில் எத்தனையாவது படம் என்று நம்பர் தெரியும். பொத்தானை அமுக்கினால் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் அந்த டிக் என் காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

மாமா திரும்பிப் போகும்போது அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கூடவே பிரிக்காத ஒரு ஃபிலிம். "பன்னெண்டு படம். பதிமூணாவது கெடயாது. முடிஞ்சதும் அப்படியே வெய்யி, அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துகினு போய் நான் கீற ஊர்ல கழுவி அனுப்பறேன்" என்றார். வீட்டில் இரண்டு பெரிய அண்ணன்கள் இருக்க, பெண் பிள்ளையிடம் கேமராவா என்று அப்பா முணுமுணுத்தார். "அவனுங்க ஒடச்சிடுவானுங்க மாமா" என்று நான்தான் பதில் சொன்னேன். அது உண்மையும்கூட.

ஃபிலிம் மாட்டின கதை ஒன்று இருக்கிறது. வெளிச்சம் படக்கூடாது என்று மாமா சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரிச் சுருளை நிழலில் நின்று மாட்டினாலே போதும் என்பது நமக்கு இன்று தெரியும். அன்றைக்கு நான் மாமா கொண்டுவந்த கம்பளியைக் கட்டில் மேல் போர்த்தி, அதற்குள் நுழைந்து, கைவிளக்குக்கூட இல்லாமல் மாட்டப் போராடினேன். கம்பளி சரிந்துகொண்டே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். தறிக் குழியிலிருந்து எழுந்து வந்து, அவளும் தலையை உள்ளே விட்டு, கம்பளியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கத்திரி வெயிலில் கம்பளிக்குள் இரண்டு பேர். வேர்வை ஆறாக ஓடியது.

எனக்கோ ஒரே பெருமை. "பக்கத்துல கீற திருக வெளிய இழுத்துப் புடிச்சிகினு, இந்தக் கொக்கிய நெம்பணும்மா. அப்பதான் தொறக்கும். ஊசி முனை வெளிச்சம் பட்டாலும் படம் செத்துப்போச்சு" என்று பாடம் நடத்தினேன்.

"எல்லாப் படமுமா சாவும்?" என்று இருட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"வெளிச்சம் பட்டது மட்டும். உள்ள சுத்திகினு கீறது பொழைச்சிக்கும்."

"மொதல்ல எடுத்தது அடியில போயிடும், கடைசியா எடுத்தது மேல சுத்திக்கும். நம்ம தறி மாதிரிதான்" என்றாள். நெய்த துணி எப்படி மரத்தில் சுருண்டுகொண்டே போகிறதோ அப்படி என்று அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. பின் மூடி சரியாக விழுந்ததா என்பதில்தான் என் கவனம் எல்லாம் இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. முன்னறையில் அப்பா, உள்ளறையில் அம்மா. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. தறியில் ஏற்றும் நீள இழையான பாவை அவர் கொடுப்பார், நாங்கள் நெய்து சேலையாகத் திருப்பிக் கொடுப்போம், கூலி எங்களுடையது. அம்மா நெய்ததும் அப்பா பெயரில்தான் போகும். அதை யாரும் ஒரு குறையாகப் பேசியதில்லை, அம்மாவும் பேசியதில்லை.

வீட்டில் எல்லாரும் தறியை வைத்துத்தான் உலகத்தைப் புரிந்துகொள்வார்கள். கேமராவும் தப்பவில்லை. "கடைசிப் படத்த எடுக்காத. பாவ முழுசா நெய்ஞ்சிடுவோமா? அடுத்த பாவு முடி போட மிச்சம் வெக்கணும்" என்று அப்பா எனக்குப் புத்தி சொன்னார். ஃபிலிமுக்கு அடுத்த ஃபிலிமை முடி போட முடியாது என்று விளக்கிப் பார்த்தேன். மூத்த அண்ணன் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. தறி தெரிந்த மனுஷனுக்குக் கேமரா தெரியாதா என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

நான் ஊரையே சுற்றி வந்தேன். மாமா பஸ் ஏறும்போது பூட்ஸ் காலை மட்டும் எடுத்தேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிப் பத்துப் பேர் இரண்டு பக்கமும் நின்று இழை பிரிப்பார்களே, அதை எதிர் வீட்டு மாடியிலிருந்து எடுத்தேன். அப்பா தறியில் உட்கார்ந்திருந்ததை ஒன்று. அந்த அறை இருட்டுக்கு அதில் ஒன்றும் விழுந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. பக்கத்து வீட்டு ஆடு இரண்டு படத்தைத் தின்றுவிட்டது. சிநேகிதி ஒருத்தி ஒரு நெல்லிக்காய் கொடுத்து ஒரு படம் வாங்கிக்கொண்டாள். இப்படியே சிவப்புக் கண்ணாடியில் எட்டாம் நம்பர் வந்து நின்றது.

அப்போது உள்ளறைத் தறியில் ஒரு சேலை முடியும் நிலையில் இருந்தது. மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. முந்தியில் ஜரிகையில் அன்னம், ஏழு வரிசை. மெட்ராஸ் கடை ஒன்று முதலாளியிடம் கேட்டுச் செய்யச் சொன்ன சேலை. அம்மா அதை நெய்த இருபது நாளும் தனியாகவே நெய்தாள், இழை ஓட்டும் நாடாவை யாரையும் தொட விடவில்லை. அதைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த மறுநாள் காலை அப்பா அரிசி வாங்கக் களம்பூருக்குப் பஸ் ஏறினார். அண்ணன்கள் வழக்கம்போல ஏரிப் பக்கம். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, உன் கேமராவுல ஆளு முழுசா வுழுமா?"

"பத்தடி தள்ளி நின்னா தலையிலருந்து காலு வரைக்கும் வுழும்."

மடித்து வைத்திருந்த சேலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "இத ஒருத்தி கட்டிகினு நின்னா எப்படி கீதுன்னு பாக்கணும்" என்றாள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நெசவுத் தெருவில் வளராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். விற்பனைச் சேலையை நெய்தவர் உடம்பில் போடக்கூடாது. ஒரு சுற்று சுற்றினாலும் அது கட்டின சேலை. கல்யாணப் பெண்ணுக்குப் போகிற சேலையை இன்னொருத்தி கட்டிவிட்டாள் என்றால் கடைக்காரன் தொடமாட்டான், முதலாளியின் பெயர் கெடும். கொசத்தெருப் பக்கம் ஒரு வீட்டில் பெண் ஆசைக்குக் கட்டிப் பார்த்த சேதி வெளியே கசிந்து, ஒரு வருஷம் எந்த முதலாளியும் அந்த வீட்டுக்குப் பாவு கொடுக்கவில்லை. இதை எனக்குச் சொல்லி எச்சரித்ததே அம்மாதான்.

ஆனால் அவள் பக்கமும் ஒன்று இருந்தது. தறியில் உட்கார்ந்தவள் கண்ணில் ஒரு முழம்தான் படும். நெய்ய நெய்ய அது சுருண்டு போய்விடும். அறுத்து எடுத்தால் மடித்து வைக்க வேண்டியதுதான். அவள் நெய்த முந்தி ஒரு பெண்ணின் தோளில் எப்படி விழுகிறது என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் இருந்த கண்ணாடி அப்பா சவரம் செய்கிற கண்ணாடி. அதில் மூக்கு தெரிந்தால் காது தெரியாது.

தெருக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். குளித்தாள், மஞ்சள் பூசவில்லை. தலை எண்ணெய் படாமல் இருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டாள். பின்பக்க முற்றத்தில் அப்பாவின் துவைத்த வேட்டியை விரித்து, அதன் மேல் நின்று சேலையைக் கட்டினாள். மடிப்புக் கலையாமல், முடிச்சு இறுக்காமல், ஊக்கு குத்தாமல். பிறகு இடது கையை நீட்டி முந்தியை விரித்தாள். வெயிலில் ஏழு வரிசை அன்னமும் எழுந்து நின்றன. என் அம்மா அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஜல்தியா எடுடி. பொடவ நம்முளுது இல்ல" என்றாள்.

டிக். அவ்வளவுதான். பழைய மடிப்பிலேயே சேலையை மடித்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுத் தறிக்குப் போனாள். போகும்போது, "ஒத்த ஆளுகிட்ட சொல்லக் கூடாது. மாமா கழுவி அனுப்பட்டும், நான் ஒருவாட்டி பாத்துட்டு எடுத்து வெச்சிக்கறேன்" என்றாள்.

நான் ஒத்த ஆளிடம் சொல்லவில்லைதான். ஆனால் உளறினேன். இரண்டு நாள் கழித்து அப்பா கேமராவைத் திருப்பிப் பார்த்து, "ஒம்பது வந்துச்சே, எட்டுல இன்னா புடிச்ச?" என்றார். ஆடு என்று சொல்லியிருக்கலாம், காக்கா என்று சொல்லியிருக்கலாம். "நம்ம பொடவைய கொடியில போட்டு எடுத்தேன், முந்திய விரிச்சி" என்றேன். பாதி உண்மை சொல்லித் தப்பித்துவிட்ட சாமர்த்தியம் எனக்கு. அப்பாவுக்குச் சந்தோஷம். வீட்டு வேலையைப் பொண்ணு படம் பிடித்திருக்கிறது என்று இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் முதலாளி வந்தார். அவர் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. வாசலிலேயே நின்றார், உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"மெட்ராஸ் கடையிலருந்து லெட்டர் வந்துகிது. ஏழு வரிசை சொன்ன முந்தியில ஆறுதான் கீதாம். ஒரு வரிசை ஜரிகை எங்கய்யா போச்சி?"

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இல்லீங்க முதலாளி. ஏழு நெய்ஞ்சிதான் குடுத்தோம். பொடவ எங்கங்க, கொண்டாங்க, எண்ணிப் பாக்கலாம்."

"கடையில கீது. திரும்பி வர பத்து நாளு ஆவும். அதுவரிக்கும் திருடன் வூட்ல என் பட்ட வுட்டு வெக்கணுமா? நாளைக்கி ஆள் அனுப்பறேன், ரெண்டு தறியிலயும் பாவ அறுத்துக் குடுத்துடு."

திருடன் என்ற சொல்லைக் கேட்டு எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றது. பாவை நடுவில் அறுத்துக் கொடுத்த வீட்டுக்கு அப்புறம் யாரும் பாவு தரமாட்டார்கள். அப்பா தடுமாறினார். பிறகு திடீரென்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"முதலாளி, என் பொண்ணு அந்தப் பொடவைய போட்டோ புடிச்சிகீது! முந்திய விரிச்சிப் போட்டுப் புடிச்சிகீது. கழுவினா வரிசைய எண்ணிடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படியா? கேமராவக் கொண்டா. நானே நம்ம ஊரு ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவி நானே எண்ணிக்கறேன்."

அந்தப் படத்தில் ஏழு வரிசையும் இருக்கும். கூடவே அதைக் கட்டிக்கொண்டு அம்மாவும் நிற்பாள். ஜரிகைத் திருட்டுப் போய், அதைவிடப் பெரிய குற்றம் வீட்டு வாசலில் வந்து உட்காரும். அப்பா, "ஏய், போய் எடுத்துகினு வா" என்றார். நான் உள்ளே ஓடினேன். கேமரா வைத்திருந்த பிஸ்கட் டின் திறந்து கிடந்தது, தோல் உறை காலி.

பின்பக்கக் கதவு திறந்திருந்தது. முற்றத்தில், அதே இடத்தில், நடு வெயிலில் அம்மா நின்றிருந்தாள். கேமரா வாய் பிளந்து தரையில் கிடந்தது. அவள் இரண்டு கைக்கும் நடுவில் ஃபிலிம், சாம்பலும் ஊதாவுமாக, முழு நீளத்துக்கு. ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறு பக்கம் பார்த்தாள். நுனி சுருண்டுகொண்டபோது அதையும் நீவிவிட்டு வெயிலில் காட்டினாள். நான் வீறிட்ட சத்தத்தில் முதலாளியும் அப்பாவும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அம்மா அவர்கள் பக்கம் திரும்பி, "இன்னாங்க இது, ஒரு உருவமும் காணோமே? வெயில்ல நல்லாப் புடிச்சிப் பாத்துட்டேன். ஒண்ணுந் தெரியலியே" என்றாள்.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பட்டுத் துணியை நிழலில் வைத்து யாரும் நிறம் சொல்லமாட்டார்கள். வெளியே எடுத்துப் போய் வெயிலில் விரித்தால்தான் நிறமும் குறையும் தெரியும். வாங்க வருகிறவர்களும் கடை வாசலுக்குச் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்துதான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஃபிலிமையும் வெயிலில் விரித்துவிட்டது. "யோவ், உன் சம்சாரம் ஃபிலிம பட்டுன்னு நெனச்சி நெறம் பாக்குதுய்யா!" என்று தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அப்படிச் சிரித்த முதலாளியால் அதற்குப் பிறகு பழைய கோபத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. "செரி, பொடவ வரட்டும். அதுவரிக்கும் பாவு அப்படியே கெடக்கட்டும், நெய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. என் பத்துப் படமும் போயின. மாமாவின் பூட்ஸ், பாவு இழுத்த தெரு, ஆடு, எல்லாம். அம்மாவைப் பார்த்து, "உனக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா? படிக்காத முண்டம்" என்று கத்தினேன். அப்பா என்னை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா ஃபிலிமை மெதுவாகச் சுற்றி என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பத்து நாள் இரண்டு தறியும் சத்தமில்லாமல் கிடந்தன. அப்பா வெளியே தலை காட்டவில்லை. அம்மா மட்டும் எப்போதும் போலச் சமைத்தாள், எங்களுக்குத் தலை வாரினாள். பதினோராம் நாள் சேலை வந்தது. முதலாளி அதைத் தெருவில் நாலு பேர் முன்னால் வெயிலில் விரித்து, தானே குனிந்து வரிசையை எண்ணினார். ஏழு. கடையில் வேறொரு வீட்டுச் சேலையோடு சீட்டு மாறிவிட்டதாம். முதலாளி "ம்" என்றார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. சாயங்காலமே தறியை ஓட்டச் சொல்லி ஆள் அனுப்பினார், எங்களுக்கு அது போதும்.

அன்றைக்கு எனக்குச் சடை பின்னும்போது அம்மா, "எத்தினி எண்ணினாரு, ஏழுதான?" என்று கேட்டாள். ஃபிலிமுக்காக அவளோடு பேசாமலிருந்த என் விரதம் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. ஒவ்வொரு கல்யாணத்திலும் அப்பா சொல்வார். அண்ணன்கள் சொல்வார்கள். நான் சொல்வேன், நான்தான் எல்லாரையும்விட நன்றாகச் சொல்வேன். "ஃபிலிம வெயில்ல நெறம் பாத்தவ" என்று சம்பந்திகள்கூடக் கிண்டல் செய்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தக் கேமரா, வீடு மாறியபோது, பழைய இரும்போடு சேர்ந்து பேரீச்சம்பழத்துக்குப் போனது.

இப்போது வேலூர் நண்பருக்கு வருகிறேன். திருமலையில் நான் சிரிக்க வைத்ததற்குக் கைம்மாறோ என்னவோ, அடுத்த வாரம் அவர் எனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பிரித்தால் அதே பெட்டி, அதே சிவப்புக் கண்ணாடி. உறைக்கு மட்டும் வாசம் போயிருந்தது. பின் மூடியைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. இருபத்து மூன்று கேமராவைப் பிரித்து மாட்டுகிற என் கைக்கு வரவில்லை. திருகை வெளியே இழுத்துப் பிடித்தபடியே கொக்கியை நெம்ப வேண்டும் என்பது ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் தெரியாத ஒருத்தி இதை எப்படித் திறந்திருப்பாள்? சரி, திறந்தாள். ஒரு சாண் இழுத்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டிருப்பாள். அம்மா கடைசி நுனி வரைக்கும் பிரித்திருந்தாள். இரண்டு பக்கமும் காட்டியிருந்தாள். உள்ளே சுற்றியிருப்பது பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனேன். அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. பெரிய அண்ணன் வீட்டில் இருக்கிறாள், காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஒன்றும் சொல்லாமல் கேமராவை அவள் மடியில் வைத்து, "இத எப்படித் தொறக்கறதுன்னு தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. இடது கை திருகை வெளியே இழுத்துப் பிடித்தது, வலது கட்டை விரல் கொக்கியை நெம்பியது. மூடி திறந்துகொண்டது.

"அப்ப தெரிஞ்சிதான் செஞ்சியா?"

"போர்வ புடிச்சவளே நாந்தான" என்றாள்.

நான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா. நான் உன்ன இன்னா பேச்சுப் பேசினேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடி. கொடியில போட்டு எடுத்தேன்னு ஒரே ஒரு பொய் சொன்ன, அதுவே வூடு வரிக்கும் வந்துச்சி. நீ அன்னிக்கி வீறிட்டு அழுததப் பாத்துதான் முதலாளி நம்புனாரு."

"அப்பாகிட்ட?"

"அவுரு சிரிச்சிகினு இருந்தாரு. திருடன்னு பேர் வாங்கின மனுசன் அந்த வாரம் வேற எதுக்கு சிரிச்சாரு? சிரிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"பொடவ ஏழோட வருமான்னு உனக்கு பயமே இல்லையா?"

"நெய்ஞ்சவளுக்குத் தெரியாதா எத்தினின்னு? அது வந்து பேசும். போட்டோ வந்தா என்னையும் சேத்துப் பேசிடும்" என்றாள். பிறகு மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே, "ஒருவாட்டி பாத்துட்டு அப்பால வெயில்ல காட்டியிருக்கலாமேன்னு ரொம்ப நாளு பேஜாரா இருந்துச்சி. கழுவாம எப்படிப் பாக்கறது" என்றாள். ஐம்பது வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவள் சொன்னது அது ஒன்றுதான்.

போன வாரம் மறுபடி போனேன். ஆரணிக் கடைகளில் நாலைந்து ஏறி இறங்கி, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை ஒன்று பிடித்தேன். ஏழு வரிசை கிடைக்கவில்லை. அம்மா அதைக் கையில் வாங்கியதும் வாசலுக்குப் போய் வெயிலில் விரித்தாள். "அஞ்சுதான் கீது. கரை பரவால்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் அதைக் கட்டி முடித்ததும் அண்ணன் மகள் கண்ணாடி முன்னால் நிறுத்தப் பார்த்தாள். அம்மா அதெல்லாம் வேண்டாம் என்று பின்பக்கம் வந்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். யாரும் சொல்லாமலே இடது கை நீண்டது, முந்தி விரிந்தது.

நான் பத்தடி தள்ளி நின்று, சிவப்புக் கண்ணாடியில் ஒன்றாம் நம்பரைக் கொண்டுவந்தேன். பொத்தானில் விரலை வைத்ததும் அம்மா குரல் கொடுத்தாள்.

"இரு. இத சாங்காலம் கடையில திருப்பிக் குடுக்கணுமா?"

"இல்லம்மா. இது உன்னுது."

அம்மா கையை இறக்கினாள். தோள் மடிப்பை ஒரு தடவை சரி செய்தாள். காலடியில் கொசுவத்தை நீவிவிட்டாள். பிறகு மறுபடி கையை நீட்டினாள்.

"அப்ப நெதானமா எடு" என்றாள்.